வெந்நீர்க் கலன் சொல்லும் வரலாறு

அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அன்றாடம் கைபடும் பொருள்களின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலேயே போய்விடுகின்றது. குளியலறைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் வெந்நீர்க் கலன் அத்தகைய பொருள்களுள் ஒன்றாகும். குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகின்றது. வராத நாளில்தான் அப்படியொரு கருவி வீட்டில் இருப்பதே நினைவுக்கு வருகின்றது. பழுது பார்ப்பவரை அழைப்பதா, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்குவதா என்னும் வினா அன்று எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர், அக்கருவியின் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். அறிய முற்பட்டால் ஓர் உண்மை புலனாகும். நீரைச் சூடாக்குவதற்கென்று அக்கருவியில் உள்ள உறுப்புகள் சிலவே. மனிதரைக் காப்பதற்கென்று பின்னர்ச் சேர்க்கப்பட்டவையே பல. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு துயரமோ, அத்துயரம் நேராமல் தடுக்க முயன்ற ஓர் அறிஞரின் உழைப்போ இருக்கின்றது.

பண்டை நாளில்

வெந்நீரைப் பெருமளவில் பயன்படுத்தும் கலையில் உரோமானியர் வல்லவராக இருந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், குளிப்பிடங்களில் அமைக்க வேண்டிய கலன்களைப் பற்றித் தம் நூலில் குறித்துள்ளார். அடுப்பின்மேல் மூன்று வெண்கலக் கலன்களை வைக்க வேண்டும். ஒன்று வெந்நீருக்கு, மற்றொன்று இளஞ்சூட்டு நீருக்கு, இன்னொன்று குளிர்ந்த நீருக்கு. வெந்நீர்க் கலனிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறுகின்றதோ, அவ்வளவு நீர் இளஞ்சூட்டுக் கலனிலிருந்து அதற்குள் வர வேண்டும். அதே அளவு குளிர்ந்த நீர் இளஞ்சூட்டுக் கலனுக்குள் வர வேண்டும். வெளியேறும் நீருக்கு ஈடாகப் புதுநீர் தானாக வந்து சேரும் இந்த முறையே இன்றைய வெந்நீர்த் தொட்டிக்கும் அடிப்படையாகும்.

தமிழர் இல்லங்களில் வெந்நீர்த் தவலையும் செப்புக் கொப்பரையும் நெடுங்காலம் இருந்தன. பிற்காலத்தில் செம்பினால் செய்யப்பட்ட ‘பாய்லர்’ வந்தது. அதன் நடுவே மேலும் கீழும் திறந்த குழாய் ஒன்று இருக்கும். அக்குழாயில் கரியோ தேங்காய்ச் சிரட்டையோ இட்டு எரிப்பர். சுற்றியுள்ள நீர் சூடாகும். மலாயாத் தோட்டங்களின் லயங்களில் இத்தகைய வசதியும் அரிதாகவே இருந்தது. வீட்டின் பின்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி, விறகை எரித்து, பிள்ளை பெற்ற தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வெந்நீர் காய்ச்சினர். அவ்வடுப்புக்குக் கூரையோ மூடியோ இல்லை. புகை வெளியே போயிற்று. நீராவி வெளியே போயிற்று. உழைப்பு மிகுதி, ஆனால் காற்றும் ஆவியும் அடைபடுவதால் வரும் ஆபத்து இல்லை. நெருப்பும் நீரும் மூடிய கலனுக்குள், மூடிய அறைக்குள் புகுந்த பின்னரே புதிய ஆபத்துகள் தோன்றின.

மாகனின் ‘கீசர்’

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரத்தில் நிலக்கரி வாயு தெருவிளக்குகளையும் வீட்டு விளக்குகளையும் எரித்து வந்தது. 1855இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் புன்சனின் ஆய்வுக்கூடத்தில், வாயுவைக் காற்றோடு கலந்து எரிக்கும் அடுப்பு உருவாயிற்று. ஒளி குறைந்த, ஆனால் வெப்பம் மிகுந்த நீலச்சுடர் அதனால் கிடைத்தது. வாயுவினால் வீட்டிலேயே நீரைச் சூடாக்கலாம் என்னும் எண்ணம் இதன்பின் வலுப்பெற்றது.

1868ஆம் ஆண்டில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் இலண்டனில் ஒரு கருவியை உருவாக்கினார். அவர் வண்ணம் பூசி அழகுபடுத்தும் தொழிலைச் செய்தவர். ஐஸ்லாந்து நாட்டில் நிலத்திலிருந்து பீறிட்டெழும் ‘கெய்சிர்’ என்னும் வெந்நீரூற்றின் பெயரைத் தழுவித் தம் கருவிக்குக் ‘கீசர்’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டு இல்லங்களில் இன்றும் வழங்கும் ‘கீசர்’ என்னும் சொல் இவ்வழியில் வந்ததேயாகும். ஐஸ்லாந்தின் ஊற்று இலண்டன் வழியாகத் தமிழர் குளியலறை வரை வந்து சேர்ந்த வரலாறு வியப்புக்குரியது.

மாகனின் கருவியில் மேலிருந்து குளிர்நீர் கம்பிகளின்மீது வழிந்தோடும். கீழே எரியும் வாயுவின் வெப்பம் அக்கம்பிகளையும் நீரையும் சூடாக்கும். அடியில் வெந்நீர் வந்து சேரும். காத்திருக்கத் தேவையின்றி வெந்நீர் கிடைத்தது உண்மையே. ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி இல்லை.

இக்குறையின் கொடுமையை வேதியியல் விளக்குகின்றது. போதிய காற்றின்றி எரியும் எரிபொருளிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைந்துகொள்ளும். மூச்சு சீராக நடந்துகொண்டிருக்கும்போதே உடல் உயிர்வளியின்றித் தவிக்கும். குளிருக்கு அஞ்சிச் சாளரத்தையும் கதவையும் அடைத்துக் குளிப்பவர், தலைசுற்றலை வெந்நீரின் சுகமென்றே எண்ணி மயங்கக்கூடும். குளியலறைகளில் வாயுக் கருவிகளால் மரணங்கள் நேர்ந்தன. புகைபோக்கி கட்டாயமாவதற்கு இதுவே காரணமாயிற்று. இன்றும் வாயுவினால் இயங்கும் கருவியைப் பழுது பார்ப்பவர் முதலில் நோக்க வேண்டியது சுடரையன்று; புகைபோக்கி அடைபடாமல் இருக்கின்றதா என்பதையே ஆகும்.

தானாக இயங்கும் கருவி

மாகனின் கருவியை மனிதர் பற்றவைக்க வேண்டும். மனிதரே அணைக்கவும் வேண்டும். மறதி என்பது மனித இயல்பு. அம்மறதிக்கு மாற்றுக் கண்டவர் எட்வின் ரூட் என்னும் பொறியியலாளர். நார்வே நாட்டில் 1854இல் பிறந்த இவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தவர். 1889இல் தானியங்கி வெந்நீர்க் கலனை உருவாக்கினார். நீரின் வெப்பம் குறைந்தால் வாயு திறந்துகொள்ளும். போதிய வெப்பம் வந்தால் மூடிக்கொள்ளும். பொருள்கள் வெப்பத்தால் விரிந்து குளிரால் சுருங்கும் என்னும் எளிய விதியே வெப்பநிலைக் கட்டுப்படுத்திக்கு அடித்தளமாகும்.

ஜெர்மனியில் ஹியூகோ ஜங்கர்ஸ் என்பார் 1895இல் டெசாவ் நகரில் நிறுவனம் தொடங்கி, வாயுவினால் இயங்கும் குளியல் கலன்களைச் செய்தார். பின்னாளில் முழுவதும் உலோகத்தாலான விமானத்தை 1915இல் பறக்கவிட்டவரும் இவரே. இரண்டு துறைகளிலும் மெல்லிய உலோகத் தகடுகளைக் கையாளும் திறன் தேவைப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

தானியங்கிக் கருவியிலும் ஓர் இடர் இருந்தது. பற்றவைக்கும் சிறுசுடர் காற்றில் அணைந்துவிட்டால் என்ன ஆகும்? எரியாத வாயு அறையை நிரப்பும். இதற்கு விடை 1821இல் சீபெக் என்னும் அறிஞர் கண்ட உண்மையிலிருந்து கிடைத்தது. இருவேறு உலோகங்களை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும். அவ்விணைப்பைச் சிறுசுடரின் நடுவில் வைத்தனர். சுடர் எரியும்வரை அம்மின்சாரம் ஒரு காந்தத்தை இயக்கி வாயுக் கதவைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், காந்தம் விடும், வில்சுருள் கதவை மூடிவிடும். வேறெந்த மின்சாரத்தையும் நாடாமல், தான் காக்க வேண்டிய நெருப்பிலிருந்தே தன் வலிமையைப் பெறும் காவலன் இது.

பாப்பினின் வால்வும் ஒரு பள்ளியின் துயரமும்

நீர் சூடானால் விரியும். 20 பாகை செல்சியஸில் உள்ள 100 லிட்டர் நீர் 60 பாகையில் ஏறத்தாழ 101.5 லிட்டராகும். திறந்த கொப்பரையில் இது பொருட்டன்று. மூடிய தொட்டியில் அந்த ஒன்றரை லிட்டருக்கு இடமில்லை; அழுத்தம் ஏறும். கட்டுப்படுத்தியும் பழுதாகிச் சூடு ஏறிக்கொண்டே போனால் நிலைமை மிகக் கொடிதாகும். அழுத்தத்திற்குட்பட்ட நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். தொட்டி பிளந்த கணத்தில் அழுத்தம் நீங்க, அந்நீரில் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாக மாறும். நீர் ஆவியானால் அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்காகும். அவ்விடத்தில் இருப்பது வெந்நீர்க் கலனன்று, வெடிகுண்டே.

இவ்வாபத்துக்குத் தீர்வு, வீட்டு வெந்நீர்க் கலன் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1679இல் தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மென்மையாக்கும் அழுத்தக் கலனை உருவாக்கினார். இன்றைய அழுத்தச் சமையற்கலனின் முன்னோடி அது. 1682இல் இலண்டன் அரசக் கழகத்து அறிஞர்கள் அதில் சமைத்த விருந்தையும் உண்டனர். கலன் வெடிக்காமலிருக்க, நெம்புகோலில் எடை தொங்கவிடப்பட்ட வால்வு ஒன்றை அவர் அமைத்தார். அழுத்தம் அளவை மீறினால் எடை உயரும், ஆவி வெளியேறும். இன்றைய தொட்டிகளில் வெப்பம், அழுத்தம் ஆகிய இரண்டையும் உணர்ந்து திறக்கும் வால்வு பொருத்தப்படுகின்றது. அமெரிக்க வழக்கப்படி, நீர் ஏறத்தாழ 99 பாகையை எட்டினாலோ அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினாலோ அது திறந்துவிடும்.

கருவி கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் போதாது. அது பேணப்படவும் வேண்டும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நாள் 1982ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாளாகும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் ஊரில் ஸ்டார் தொடக்கப்பள்ளி இருந்தது. நண்பகல் உணவு வேளை. மாணவர்கள் உணவுக்கூடத்தில் அமர்ந்திருந்தனர். அடுத்திருந்த சமையற்கூடப் பகுதியின் வெந்நீர்க் கலன் அப்போது வெடித்தது. மாணவர் அறுவரும் ஆசிரியர் ஒருவரும் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். வெப்பத்தை அடக்க வேண்டிய உறுப்பும், அது தவறினால் காக்க வேண்டிய வால்வும், இரண்டுமே தம் கடமையைச் செய்யவில்லை.

போரில்லை, புயலில்லை, பகைவர் எவருமில்லை. காலையில் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பவில்லை. கவனிக்கப்படாத ஒரு சிறு கருவியே காரணம். பள்ளிக்கூடம் நடத்துவோரும் பெற்றோரும் இந்நிகழ்ச்சியை மறத்தல் ஆகாது.

காப்பு வால்வு சில வேளைகளில் சொட்டுச் சொட்டாகக் கசியும். தரையை ஈரமாக்குகின்றது என்று அதன் வாயை அடைத்துவிடுவோர் உண்டு. வெந்நீர்க் கலனுக்குச் செய்யப்படும் பழுதுபார்ப்புகளுள் இதனினும் கொடியது வேறில்லை. கசிவு என்பது ஒன்று வால்வு தேய்ந்துவிட்டது என்னும் செய்தி; அல்லது தொட்டியினுள் அழுத்தம் மிகுகின்றது என்னும் செய்தி. செய்தியின் காரணத்தைக் கண்டு தீர்க்க வேண்டுமேயன்றி, செய்தி சொல்பவனின் வாயை அடைத்தல் அறிவுடைமையாகாது.

துருவை வெல்லத் தன்னையே தரும் கோல்

இரும்புத் தொட்டியின் மற்றொரு பகை துரு. இதனை எதிர்க்கும் வழியைச் சர் ஹம்ப்ரி டேவி 1824இல் கண்டார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் வேயப்பட்ட செப்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துப் போயின. செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அவ்வுலோகம் அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று டேவி காட்டினார். செம்பு காக்கப்பட்டது, ஆனால் அரிபடாத செம்பின்மீது சிப்பிகளும் பாசியும் செழித்து வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கப்பலில் தோற்ற அக்கொள்கை வெந்நீர்த் தொட்டியில் வென்றது. தொட்டியினுள் மக்னீசியக் கோல் ஒன்று தொங்கவிடப்படுகின்றது. அது மெல்ல மெல்லக் கரைந்து, இரும்பைத் துருவிலிருந்து காக்கின்றது. அமெரிக்காவில் 1930களில் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு உருக்கிப் பூசும் முறையும் வந்தது. பூச்சில் விழும் நுண்ணிய வெடிப்புகளுக்கு அக்கோலே துணை.

கோல் முற்றும் கரைந்த பின்னர் துருப்பிடிப்பது தொட்டியே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கோலை மாற்றுவோர் தொட்டியின் ஆயுளை நீட்டிக்கின்றனர். அப்படியொரு கோல் இருப்பதையே அறியாதவர் தொட்டியையே மாற்ற நேர்கின்றது.

கதிரவனும் மின்சாரமும்

எரிபொருளே இன்றி நீரைச் சூடாக்கவும் மனிதர் முயன்றனர். 1891இல் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கருமை பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து வெயிலில் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரவில் நீர் குளிர்ந்துவிடும் குறை அதில் இருந்தது. கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909 அளவில், வெயில் வாங்கும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் பிரித்து, தொட்டிக்கு வெப்பம் கசியாத போர்வை இட்டார். மலிவான இயற்கை வாயு பரவியதும் அத்தொழில் தளர்ந்தது. இஸ்ரேல் நாடு 1980இல் புதிய வீடுகளில் சூரிய வெந்நீர்க் கருவியைச் சட்டத்தின்வழிக் கட்டாயமாக்கியபோது அக்கலை மீண்டும் சிறந்தது.

மின்சாரத்தால் சூடேற்றுவதற்கு, செஞ்சூட்டிலும் எரிந்துபோகாத கம்பி தேவைப்பட்டது. அமெரிக்கராகிய ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து அத்தகைய கம்பியைச் செய்து 1906இல் காப்புரிமை பெற்றார். 1924இல் பெர்லினில் தியோடர் ஸ்டீபெல் மின்சூடேற்றிகளைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் தொட்டியில்லாத உடனடி வெந்நீர்க் கருவி பரவியதற்கு இயற்கையே காரணம் எனலாம். இங்குக் குழாய்நீரே 27 பாகை அளவில் இருக்கின்றது. 3.6 கிலோவாட் ஆற்றலுடைய சிறு கருவி, நிமிடத்திற்கு 3 லிட்டர் நீரை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும். 44 பாகை வெந்நீர் கிடைத்துவிடும். 10 பாகையில் நீர் வரும் குளிர்நாட்டில் அதே கருவி தரும் ‘வெந்நீர்’, இங்குள்ள தண்ணீரின் சூட்டையே எட்டும். ஆற்றலைக் கணக்கிடும் பாடத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு மாணாக்கருக்குக் கிடைப்பது அரிது.

ஆனால் இக்கருவியில் நீரும் மின்சாரமும் மிக நெருங்கி நிற்கின்றன. ஈர உடம்போடு நிற்பவரின் தலைக்கருகே மின்சாரம் பாய்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மனித உடலில் மின்சாரம் விளைவிக்கும் மாற்றங்களை ஆராய்ந்தவர். 10 முதல் 16 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகி, பற்றிய பொருளை விட இயலாத நிலை பலருக்கு வந்துவிடும். 1961இல் அவர் அமைத்த துண்டிப்பான், சென்ற மின்னோட்டத்தையும் திரும்பிய மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டும் ஒத்திராவிட்டால் எங்கோ கசிவு உண்டு என்பது பொருள். உடனே இணைப்பை அறுத்துவிடும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள், தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் நுண்ணுணர்வுடைய துண்டிப்பானை வேண்டுகின்றன. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நலம். அழுத்தியும் மின்சாரம் அறுபடவில்லையெனில், காவலன் உறங்குகின்றான் என்பது தெளிவு.

இளஞ்சூட்டின் இடர்

மிகுந்த சூடு மட்டுமன்று, குறைந்த சூடும் தீங்கு செய்யும் என்பது பின்னரே தெரியவந்தது. 1976ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிலடெல்பியா நகரத்து விடுதி ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. அதன்பின் பரவிய நுரையீரல் நோயால் ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். 1977 சனவரியில் ஜோசப் மெக்டேட் என்னும் ஆய்வாளர் அதற்குரிய பாக்டீரியாவைக் கண்டறிந்தார். ‘லெஜியோனெல்லா’ என்று பெயர் பெற்ற அவ்வுயிரி, 20 முதல் 45 பாகை வரையுள்ள நீரில் பெருகும். குளிரூட்டும் கோபுரங்களில் மட்டுமின்றி, இளஞ்சூட்டில் தேங்கிய வெந்நீர்த் தொட்டிகளிலும் அது வாழ்வதைப் பின்னர் அறிந்தனர். எனவே தொட்டி நீரை 60 பாகையில் வைக்குமாறு அறிவுறுத்தலாயினர். ஆனால் 60 பாகை நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். குழாய்க்கு வருமுன் குளிர்நீரைக் கலந்து தரும் வால்வு இதனால் தேவையாயிற்று. மின்செலவைக் குறைக்க எண்ணித் தொட்டியின் சூட்டை மிகவும் குறைப்போர் இதனை அறிதல் வேண்டும்.

பழுதா, மாற்றமா?

இவ்வரலாற்றை அறிந்தபின் முதலில் எழுந்த வினாவுக்கு விடை காணுதல் எளிது. சூடேற்றும் கம்பிச்சுருள், வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, மக்னீசியக் கோல், காப்பு வால்வு ஆகியவை தேய்வதற்கும் மாற்றப்படுவதற்கும் உரியவை. அவை பழுதானால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். தொட்டியின் சுவரே துருப்பிடித்து ஒழுகுமாயின், ஒட்டுப் போட்டுப் பயனில்லை. கலனையே மாற்றுதல் வேண்டும். எப்பணியாயினும் மின்சாரத்தையும் வாயுவையும் நிறுத்திய பின்னரே தொடங்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற தொழிலாளரைக் கொண்டே செய்ய வேண்டும். எந்நிலையிலும் காப்புறுப்பை நீக்கிவிட்டுக் கருவியை ஓட்டுதல் கூடாது. வெந்நீர் வருகின்றது என்பது பழுது நீங்கியதற்குச் சான்றன்று.

அறிவியல் பாடத்தில் வெப்பத்தால் விரிதலும், அழுத்தமும், மின்னோட்டமும் கற்பிக்கப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் அவை மறக்கப்படுகின்றன. வீட்டுச் சுவரில் உள்ள ஒரு பெட்டியில் அவையனைத்தும் நாள்தோறும் உயிர் காக்கும் பணியில் இருக்கின்றன என்பதை மாணாக்கர் உணர்ந்தால், பாடம் ஏட்டோடு நில்லாது. ஸ்பென்சர் ஊரில் அந்நண்பகலில் உணவுண்ண அமர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் அவர்கள் அறிதல் வேண்டும். கசியும் வால்வைக் கண்டால் அடைத்துவிடாமல், பெரியவரிடம் சென்று சொல்லும் மாணவன் ஒருவன் உருவாவானாயின், அவ்வகுப்பில் கற்பித்த ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை என்று துணிந்து கூறலாம்.